அரிதும் அருமையும்

அருமை என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு அர்த்தங்கள் உண்டு. கிடைப்பது கஷ்டம் என்பது ஒன்று. சிறப்பானது என்பது மற்றொன்று. கோடையில் தண்ணீர் அருமையாகிவிட்டது என்று சொல்லும்போது ஒன்றையும், ஒரு கச்சேரியைக் கேட்டுவிட்டு அருமை என்று சொல்லும்போது மற்றொன்றையும் சொல்கிறோம். சாதாரணப் பேச்சில் இதனால் குழப்பம் வருவதில்லை. ஆனால் பழைய பொருள்களை விற்கிறவர்களில் சிலருக்கு இந்தக் குழப்பம் தேவையாக இருக்கிறது. குறைவாக இருக்கிறது என்று மட்டும் அவர்கள் சொல்லுகிறார்கள். ஆகவே சிறந்தது, ஆகவே விலை உயர்ந்தது, ஆகவே இன்றே வாங்கியாக வேண்டியது என்ற மற்ற முடிவுகளையெல்லாம் கேட்கிறவரே செய்துகொள்ளும்படி விட்டுவிடுகிறார்கள்.

பழைய காமிக்ஸ் புத்தகங்கள் விற்பனைக்கு வரும்போது கூடவே வருகிற விவரக் குறிப்புகளைச் சில காலமாக நான் படித்து வருகிறேன். வாங்குகிற உத்தேசத்தோடு அல்ல. கதை எழுதுவதைத் தொழிலாகக் கொண்டவனுக்கு அவற்றில் ஒரு ஸ்வாரஸ்யம் இருக்கிறது. ஐந்தாறு வரிகளுக்குள் அடங்கிவிடுகிற சிறுகதைகள் அவை. பொருள்களைப் பேணத் தெரிந்த ஒரு சிறுவன். அவன் வளர்ந்து மறந்துபோன ஒரு பெட்டி. பரணிலிருந்து அதை இறக்குகிற பேரன். முப்பது வருஷ வியாபாரத்தில் இதைப் போல் ஒன்றைக் கண்டதில்லை என்று வியக்கிற வியாபாரி. கடைசி வரியில், வாசகராகிய உங்களுக்கு ஒரே ஒரு சந்தர்ப்பம். பாத்திரம், திருப்பம், உச்சம் எல்லாம் இருக்கின்றன. இலக்கியம் என்றே வைத்துக்கொண்டு இவற்றை விமரிசனம் செய்து பார்த்தால் என்ன என்று தோன்றியது.

கதைக்கும் இந்தக் குறிப்புக்கும் வித்தியாசம் ஒன்றுதான். கதையில் நான் எதை வேண்டுமானாலும் கற்பனை செய்யலாம். அது கற்பனை என்பது வாசகருக்குத் தெரியும். விற்பனைக் குறிப்பை நம்பிப் பணம் கொடுக்கிறார்கள். ஆகவே அங்கே வருகிற ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு பொறுப்பு உண்டு. அரிது என்ற சொல்லுக்கு இருக்கவேண்டிய பொறுப்பு எது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அந்தச் சொல்லுக்கு அளவே கிடையாது என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவில் ராபர்ட் ஓவர்ஸ்ட்ரீட் என்பவர் பழைய காமிக்ஸுக்கு ஒரு விலைக் கையேட்டை 1970-ல் வெளியிட்டார். அரை நூற்றாண்டுக்கு மேலாக அது புதுப்பிக்கப்பட்டு வருகிறது. அதன் சொல்விளக்கப் பகுதியில், இன்று மிஞ்சியிருப்பதாக மதிப்பிடப்படும் பிரதிகள் 20 முதல் 100 வரை இருந்தால் அருகியது, 10 முதல் 20 வரை இருந்தால் அரிது, பத்துக்கும் குறைவாக இருந்தால் மிக அரிது என்று வரையறை செய்திருக்கிறார்கள். மதிப்பீடுதான், தராசில் நிறுத்தது அல்ல. ஆனாலும் சொல்லுக்கு ஓர் எல்லை கட்டியிருக்கிறார்கள். இந்த எல்லைக்குள் நின்று பேசினால், விற்பனைக்கு வருகிற அரிய புத்தகங்களில் பெரும்பாலானவை அந்தப் பட்டத்தை இழந்துவிடும்.

உலகத்திலேயே மிகப் பிரசித்தமான காமிக்ஸை எடுத்துக்கொள்வோம். சூப்பர்மேன் முதல் முதலாக வந்த ஆக்ஷன் காமிக்ஸ் முதல் இதழ், 1938 ஜூன் தேதியிட்டு வெளியாயிற்று. விலை 10 சென்ட். அச்சிட்டது ஏறத்தாழ 2 லட்சம் பிரதிகள் என்றும், இன்று மிஞ்சியிருப்பது சுமார் 100 என்றும் சொல்லுகிறார்கள். அதில் ஒரு பிரதி 2014-ல் 32 லட்சம் டாலருக்கு விற்றது. இன்னொன்று 2024-ல் 60 லட்சம் டாலருக்குப் போயிற்று. ஆனால் ஓவர்ஸ்ட்ரீட் வரையறைப்படி இது அரிது அல்ல. அருகியது என்ற படியின் விளிம்பில் நிற்கிறது. இதைவிடக் குறைவாக, ஏழோ எட்டோ பிரதிகள் மட்டும் மிஞ்சியிருக்கிற காமிக்ஸ்கள் உண்டு. அவற்றில் பலவற்றை யாரும் சீந்துவதில்லை. அந்தக் கதாநாயகர்களின் பெயர்கூட யாருக்கும் நினைவில்லை.

அப்படியானால் விலையை நிர்ணயிப்பது எது? கேட்கிறவர்களின் தொகை. நூறு பிரதிகளை நூறாயிரம் பேர் கேட்டால் விலை ஏறுகிறது. ஏழு பிரதிகளை மூன்று பேர் கேட்டால் நாலு பிரதி மிச்சம். இது பாலபாடம். ஆனால் விற்பனைக் குறிப்பு இந்தப் பாடத்தைச் சொல்லித்தராது. பலர் விரும்புகிறார்கள் என்று எழுதுவதைவிடச் சிலவே இருக்கின்றன என்று எழுதுவது அதற்கு லாபம். விருப்பம் நாளைக்கு மாறிவிடலாம் என்பது வாங்குகிறவருக்குத் தெரியும். குறைவு மாறாது என்று அவர் நம்புகிறார்.

அந்தக் குறைவும் மாறக்கூடியதுதான் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. கொலராடோ மாநிலத்தில் டென்வர் பகுதியில் எட்கர் சர்ச் என்ற ஓவியர் இருந்தார். விளம்பரப் படங்கள் வரைவது அவர் தொழில். தொழிலுக்கு உதவும் என்று பத்திரிகைகளையும் காமிக்ஸ்களையும் வாங்கி வாங்கி அடுக்கி வைத்தார். அவர் குடும்பத்தார் 1977-ல் அவற்றை விற்க முன்வந்தபோது, சக் ரோசான்ஸ்கி என்ற இளம் வியாபாரி வாங்கினார். 18,000-க்கு மேற்பட்ட காமிக்ஸ்கள்; பல, அன்றைக்குத்தான் கடையிலிருந்து வந்தவை போல் வெளுக்காத தாளோடு இருந்தன. முதல் நாள் வரை, இந்த இதழில் இவ்வளவு நல்ல பிரதி உலகத்தில் கிடையாது என்று ஒரு வியாபாரி சொல்லியிருந்தால், அவர் பொய் சொன்னதாக ஆகாது. தான் கண்டதைச் சொன்னார். ஆனால் தான் கண்டது வேறு, உலகத்தில் இருப்பது வேறு. முப்பது வருஷத்தில் இதைப் போல் ஒன்றைக் கண்டதில்லை என்ற வாக்கியம் அந்த வியாபாரியின் சுயசரிதையில் இடம்பெற வேண்டியது. புத்தகத்தின் சரித்திரத்தில் அதற்கு இடமில்லை.

பழைய காமிக்ஸ்கள் ஏன் குறைந்துபோயின என்பதையும் யோசிக்க வேண்டும். எவரும் அவற்றை வைத்துக்கொள்ள வேண்டியவை என்று நினைக்கவில்லை. பத்து சென்ட் கொடுத்துப் பையன்கள் வாங்கினார்கள், படித்தார்கள், கைமாற்றினார்கள், கிழித்தார்கள். இரண்டாம் உலக யுத்தத்தின்போது அமெரிக்காவில் வீடு வீடாகப் பழைய காகிதம் சேகரித்தார்கள். அதோடு மூட்டை மூட்டையாகக் காமிக்ஸ்கள் போயின. 1948-ல் சில ஊர்களில் அவற்றைக் குவித்துத் தீயிட்டுக் கொளுத்தினார்கள். 1954-ல் ஃபிரெட்ரிக் வெர்தாம் என்ற மனநல மருத்துவர், இவை குழந்தைகளைக் கெடுக்கின்றன என்று ஒரு புத்தகமே எழுதினார். அதே ஆண்டில் அமெரிக்க செனட்டின் துணைக்குழு ஒன்று இதைப் பற்றி விசாரணை நடத்தியது. இவ்வளவையும் தாண்டித் தப்பித்தவைதான் இன்று கண்ணாடிப் பேழைக்குள் இருக்கின்றன. மதிக்கப்படாமல் இருந்ததனால் அரிதாயின. அதாவது, அரிதாக்க வேண்டும் என்று யாரும் முயற்சி செய்யவில்லை.

முயற்சி செய்தபோது என்ன நடந்தது என்பது இந்தக் கதையின் இரண்டாம் பாகம். பழைய இதழ்கள் ஆயிரக்கணக்கான டாலருக்கு விற்பதைக் கண்ட பிரசுரகர்த்தர்கள், அரிதான பொருளையே நேராக அச்சடித்து விடலாமே என்று எண்ணினார்கள். 1991-ல் எக்ஸ்-மென் என்ற பத்திரிகையின் புதிய முதல் இதழ் ஐந்து விதமான அட்டைகளோடு வந்தது. நாலு அட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே படமாகச் சேரும். ஐந்தாவது அட்டையில் நாலும் சேர்ந்தே இருக்கும். ஒரே கதையை ஐந்து முறை வாங்கினார்கள். கடைகளுக்குப் போன பிரதிகள் 80 லட்சத்துக்கு மேல். அடுத்த ஆண்டு நவம்பரில் சூப்பர்மேனைச் சாகடித்தார்கள். அந்த இதழ் கறுப்புப் பையில் ஒட்டப்பட்டு வந்தது. உள்ளே துக்கத்துக்குக் கையில் கட்டிக்கொள்ள ஒரு கறுப்புப் பட்டையும் இருந்தது. பையைப் பிரித்தால் மதிப்புப் போய்விடும் என்று வாங்கியவர்கள் நம்பினார்கள். படிக்க ஒன்று, பூட்டி வைக்க ஒன்று என்று இரண்டிரண்டாக வாங்கியவர்கள் உண்டு. பையனின் படிப்புச் செலவுக்கு ஆகும் என்று பெட்டி பெட்டியாக வாங்கியவர்களும் உண்டு. 1993-லேயே சூப்பர்மேன் உயிரோடு திரும்பிவிட்டார். அவர் இறந்த இதழின் பிரதிகளோ எங்கும் போகவே இல்லை. லட்சக்கணக்கில் இன்னமும் அப்படியே இருக்கின்றன, பிரிக்காத பைகளில்.

பாதுகாப்பதற்கென்றே எல்லோரும் வாங்குகிற பொருள் ஒருநாளும் அரிதாகாது. சொல்லிவிட்டால் இவ்வளவு சுலபமாக இருக்கிறது. ஆனால் இதைத் தெரிந்துகொள்வதற்கு ஒரு தலைமுறை வாசகர்கள் தங்கள் சேமிப்பைக் கொடுக்க வேண்டியிருந்தது. சில வருஷங்களில் சந்தை சரிந்தது. ஏராளமான காமிக்ஸ் கடைகள் மூடப்பட்டன. 1996 டிசம்பரில் மார்வெல் நிறுவனமே திவால் மனுக் கொடுத்தது. இருந்தும் அந்த ஆசை போய்விடவில்லை. இப்போது, ஒரு கடைக்காரர் சாதாரண அட்டையில் நூறு பிரதி எடுத்தால் வேறு அட்டையில் ஒரு பிரதி தருகிறோம் என்கிறார்கள். அந்த ஒரு பிரதி பிறக்கும்போதே அரியதாம்! அரிதாவதற்கு அதற்கு வயதும் வேண்டியதில்லை, ஆபத்தும் வேண்டியதில்லை.

புள்ளிவிவரம் இருந்தால் இந்த ஏமாற்று நின்றுவிடும் என்று சிலர் நினைத்தார்கள். 2000-ல் அமெரிக்காவில் சி.ஜி.சி. என்ற நிறுவனம் தோன்றியது. காமிக்ஸைப் பரிசோதித்துப் பத்துக்கு இவ்வளவு என்று மதிப்பெண் போட்டு, கெட்டியான பிளாஸ்டிக் கூட்டுக்குள் வைத்து அடைத்துத் தருவது அதன் வேலை. எந்த இதழில் எத்தனை பிரதிகளுக்கு என்ன மதிப்பெண் போட்டோம் என்ற கணக்கையும் வெளியிடுகிறார்கள். நல்ல காரியம்தான். பழுது பார்த்ததை மறைத்து விற்பது இதனால் கஷ்டமாயிற்று என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் கணக்கு வந்தவுடன் குறிப்பு எழுதுகிறவர்கள் கணக்கைப் பாத்திரமாக்கிக் கொண்டார்கள். 9.8 மதிப்பெண்ணில் உலகத்திலேயே மூன்றுதான் என்று எழுதுகிறார்கள். அந்த நிறுவனத்திடம் கொண்டுபோய்க் காட்டப்பட்டவற்றுள் மூன்று என்பதுதான் அதன் பொருள். காட்டப்படாமல் அலமாரிகளில் இருக்கிறவை கணக்கில் வராது. அதே பிரதியைக் கூட்டிலிருந்து எடுத்து, இன்னும் நல்ல மதிப்பெண் கிடைக்குமா என்று மறுபடியும் அனுப்பி, பழைய சீட்டைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் ஒரே புத்தகம் இரண்டாக எண்ணப்படும். தவிர, 9.8-ல் மூன்று என்றால் 9.6-ல் முந்நூறு இருக்கலாம். சட்டையில் ஒரு நூல் பிரியாதவன் என்பதற்காக ஒருவனை வேறு மனித ஜாதி என்று சொல்லிவிட முடியுமா?

பொய்யே சொல்லாமல் ஏமாற்றுகிற வகைகள் இன்னும் உண்டு. 1974-ல் டி.சி. நிறுவனம் ஆக்ஷன் காமிக்ஸ் முதல் இதழை அட்டை முதல் விளம்பரங்கள் வரை அப்படியே, ஆனால் பெரிய அளவில், மறுபதிப்புச் செய்தது. மேலே தனியாக ஒரு வெளியட்டை உண்டு. அந்த வெளியட்டையைக் கழற்றிவிட்டால் உள்ளே இருப்பது 1938 இதழ் மாதிரியே இருக்கும். கழற்றினார்கள், விற்றார்கள். ஓர் அடிக்கோலை வைத்து அளந்து பார்த்திருந்தால் போதும். மார்வெல் 1977-ல் வெளியிட்ட ஸ்டார் வார்ஸ் முதல் இதழின் விலை 30 சென்ட். சில இடங்களில் மட்டும், விலையை உயர்த்தினால் வாங்குவார்களா என்று பார்ப்பதற்காக, 35 சென்ட் என்று அச்சிட்டுச் சிறு தொகையாக அனுப்பினார்கள். அது மெய்யாகவே அரிது; ஆயிரக்கணக்கான டாலர் பெறும். ஆனால் பிறகு வந்த மறுபதிப்புகளிலும் 35 சென்ட் என்றே இருக்கிறது. மறுபதிப்பு என்பதைச் சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். விற்கிறவர் 35 சென்ட் பிரதி என்று மட்டும் சொல்வார். அது சத்தியம். மீதியை வாங்குகிறவரின் ஆசை இட்டு நிரப்பிக்கொள்ளும்.

இதெல்லாம் அமெரிக்கச் சமாசாரம், நமக்கென்ன என்று கேட்கலாம். நமக்கும் உண்டு. இங்கிலாந்தில் வாலியண்ட் என்ற வாரப் பத்திரிகையில் 1962-ல் தொடங்கிய ஒரு படக்கதை, 1972-ல் சிவகாசியிலிருந்து இரும்புக்கை மாயாவி என்ற பெயரில் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்தது. அன்று அதைப் படித்த சிறுவர்கள் இன்று தாத்தாக்கள். அவர்களில் கையில் காசும் மனத்தில் ஏக்கமும் உள்ளவர்கள் அந்தக் காலத்துத் தமிழ்க் காமிக்ஸ்களைத் தேடுகிறார்கள். நம் வீடுகளில் அவற்றைத் தீர்த்துக்கட்டியது யுத்தமோ செனட்டோ அல்ல. பழைய பேப்பர்காரரின் தராசு. பரீட்சை நெருங்கினால் அம்மாவே எடைக்குப் போட்டுவிடுவாள். தப்பியவற்றைச் சிலர் பத்துப் பன்னிரண்டாகச் சேர்த்து பைண்டு செய்தார்கள்; பைண்டு செய்கிறவர் ஓரத்தை வெட்டினார், சில சமயம் அட்டையையும் எடுத்துவிட்டார். ஆகவே அட்டையோடு நல்ல நிலையில் ஒரு பிரதி கிடைப்பது உண்மையிலேயே கடினம்.

அந்த உண்மையின் முதுகில்தான் மற்றவை ஏறிக்கொள்கின்றன. எனக்குத் தெரிந்த ஓர் இளைஞர், ஓர் அச்சகத்தில் வேலை பார்க்கிறவர், சம்பளத்தில் பாதியைக் கொடுத்து ஒரு பழைய தமிழ்க் காமிக்ஸ் வாங்கினார். முதல் பதிப்பு, இனி வேறு பிரதி வரவே வராது என்று விற்றவர் சொல்லியிருந்தார். நாலு மாதம் கழித்து அதே மனிதர், அதே வார்த்தைகளோடு, வேறொரு பிரதியை வேறொருவருக்கு விற்றார். இளைஞருக்கு அதில்கூட அவ்வளவு வருத்தமில்லை. அவருடைய ஏழு வயதுப் பெண் அதைப் படிக்கக் கேட்டதாம். கைபட்டால் மதிப்புக் குறைந்துவிடும் என்று கொடுக்கவில்லை. கதை நன்றாக இருக்குமா என்று குழந்தை கேட்டபோது பதில் சொல்லத் தெரியவில்லை. அவரும் இன்னும் பிரித்துப் படிக்கவில்லை.

சேகரிப்பவர்களைப் பரிகாசம் செய்வது என் நோக்கமல்ல. குப்பை என்று பெரியவர்கள் தள்ளியதைப் பொறுக்கி எடுத்துக் காப்பாற்றியவர்கள் அவர்கள்தான். எந்த ஓவியர் எந்தப் பக்கத்தை வரைந்தார், எந்தக் கதை எதிலிருந்து வந்தது என்ற விவரங்களை, பண்டிதர்கள் திரும்பிப் பாராத காலத்தில், குறித்து வைத்தவர்களும் அவர்களே. நேர்மையான வியாபாரிகளும் நிறைய இருக்கிறார்கள். இதைப் போல் இன்னும் பலவும் வரும், அவசரப்பட வேண்டாம் என்று வாடிக்கையாளரிடம் சொல்லி அனுப்புகிறவர்கள் அவர்கள். அவர்களுடைய சொல்லையும் மற்றவர்களின் அரிது மலிவாக்கிவிடுகிறது. எல்லாம் அரிது என்றான பிறகு, மெய்யாகவே அரிதான ஒன்றைக் காட்ட அவர்களிடம் சொல்லே மிஞ்சுவதில்லை.

ஆகையால் அரிது என்ற சொல்லைக் காணும்போது வாசகர்கள் மூன்று கேள்விகள் கேட்கலாம். எத்தனை அச்சிட்டார்கள்? எத்தனை மிஞ்சின, அதை எண்ணியது யார்? எத்தனை பேர் கேட்கிறார்கள்? மூன்றுக்கும் பதில் வந்தால் அது தகவல். ஒன்றுக்கும் பதில் இல்லாமல் பரணும் பெட்டியும் தாத்தாவும் மட்டும் வந்தால் அது சிறுகதை. சிறுகதைக்குரிய விலையைக் கொடுத்தால் போதும்.

நாலாவதாக ஒரு கேள்வியும் உண்டு. அதை விற்கிறவரிடம் கேட்க முடியாது. இந்தக் கதை எனக்கு வேண்டுமா என்பது அது. 60 லட்சம் டாலர் கொடுத்தவர் வாங்கிய அதே சூப்பர்மேன் கதையை, மறுபதிப்பில் சொற்பக் காசுக்கு யாரும் வாங்கிப் படிக்கலாம். ஒரு வரி குறையாது, ஒரு படம் குறையாது. கதை என்பது அப்படிப்பட்ட பண்டம். அச்சிட அச்சிடப் பெருகுமே தவிர, பங்கிட்டால் குறைவதில்லை. குறைவாக இருப்பது காகிதம். காகிதத்தின் மேல் ஒருவருக்குப் பிரியம் இருந்தால் அதற்குப் பணம் கொடுக்கட்டும், தவறில்லை. கொடுக்கும்போது எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும். அரிதானதெல்லாம் அருமையானதல்ல என்பதை நம் பாஷை ஒரே சொல்லில் ஒளித்து வைத்திருக்கிறது. அதைப் பிரித்துப் பார்க்கிற வேலை வாசகருடையது.